போரிலிருந்து தாத்தா கொண்டுவந்த ஜப்பானிய வாள்: யாரிடம் காட்டி அடையாளம் காண்பது?

1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு பசிபிக் தீவுகளிலும் ஜப்பானிலும் இருந்த அமெரிக்க வீரர்கள், ஆஸ்திரேலியர்கள், மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினர் எனப் பலர் ஒரு வாளோடு ஊர் திரும்பினார்கள். தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளை நேரில் வந்து ஒப்படைத்தே ஆகவேண்டும் என்பதில், அங்கே நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் உறுதியாக இருந்தார். கோலாலம்பூரில் 25ஆவது இந்திய டிவிஷனிடம் அவர்கள் வாளை ஒப்படைத்த காட்சி புகைப்படங்களில் பதிவாகியிருக்கிறது. அந்த வாள்களைக் கொண்டுவந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. வாள்கள் இப்போது பேரப் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. கொண்டுவந்தவர் எதையும் சொல்லாமலே போயிருப்பார். உறையில் ஒரு வாள், பிடிக்குள் மறைந்திருக்கும் சில எழுத்துகள், அவ்வளவுதான் மிச்சம்.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பழம்பொருள் வியாபாரியிடம் காட்டு என்பார் ஒருவர். ஏல நிறுவனத்துக்கு எழுது என்பார் இன்னொருவர். ஜப்பானுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கு, முதலில் துருவைப் போக்கி மெருகேற்று, உரியவர் குடும்பத்தைத் தேடித் திருப்பிக் கொடுத்துவிடு என்று யோசனைகள் நீளும். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வாளுக்குச் சரியான வழிதான். உங்கள் வாள் எந்த வகை என்று தெரிவதற்கு முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எந்த வழி எந்த வாளுக்குப் பொருந்தும், எதை எதற்குப் பின் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

வகை என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே மாதிரி உறையில் இருக்கும் இரண்டு வாள்களுக்கு இடையே எழுநூறு ஆண்டு இடைவெளி இருக்கலாம். காகோஷிமாவில் உள்ள தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான, தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட, குனிமுனே என்ற பழங்காலக் கொல்லர் செய்த வாள் ஒன்று போருக்குப் பின் காணாமல் போய் அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. அது தன் கையில் இருப்பதை உணர்ந்த வால்டர் காம்ப்டன் என்ற சேகரிப்பாளர், ஒரு காசும் வாங்காமல் 1963இல் அதை ஜப்பானுக்குத் திருப்பிக் கொடுத்தார். முன்பு ஜப்பானை ஆண்ட தோகுகவா குடும்பத்தின் ஹோன்ஜோ மசமுனே என்னும் புகழ்பெற்ற வாள் 1945 டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. இவை அபூர்வமான விதிவிலக்குகள். மறுபக்கம், போர்க்காலத்தில் தொழிற்சாலை இயந்திரங்கள் வெட்டித் தள்ளிய வாள்கள் ஏராளம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகவோ, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருப்பதாகவோதான் இருக்கும்.

வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்வது

செலவில்லாத வழி இதுதான். முதலில் செய்யவேண்டியதும் இதுதான். பாதிக் கேள்விகளுக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் பிடியைப் பாருங்கள். நாடா சுற்றியது போலவே உலோகத்தில் வார்த்து வண்ணம் பூசிய பிடி என்றால், அது 1935இல் அறிமுகமான 95ஆம் வகை. அதிகாரி நிலைக்குக் கீழே இருந்த ஹவில்தார் போன்றவர்களுக்கு அரசே வழங்கிய வாள் அது. அலகு இயந்திரத்தில் செய்தது. கைக்காப்பை ஒட்டி அலகின் மேலேயே வரிசை எண் குத்தியிருக்கும். உறையிலும் அதே எண் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்து வந்த ஜோடி. கடைசிக் காலத்தில் மரப்பிடி போட்டும் இந்த வகை வந்தது. உங்கள் கையில் இருப்பது இதுவானால், அடையாளம் காணும் வேலை முடிந்துவிட்டது. இந்த வாளுக்குச் சான்றிதழ் தேடி அலைவது வீண். போர்க்கால நினைவுப் பொருளாக இதற்கு மதிப்பு உண்டு, வாங்குவோரும் உண்டு. ஆனால் அலகுக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம் எதுவும் இல்லை.

பிடி மரத்தால் ஆகி, அதன்மேல் திருக்கைமீன் தோல் போர்த்தி, பட்டு அல்லது பருத்தி நாடா சுற்றியிருந்தால், அது அதிகாரியின் வாள். கதை இங்கேதான் சிக்கலாகிறது. அதிகாரிகள் வாளைத் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சிலர் கிஃபு மாநிலத்தின் செக்கி நகரப் பட்டறைகளில் செய்த புதிய வாளை வாங்கினார்கள். சிலர் வீட்டில் தலைமுறையாக இருந்த அலகை எடுத்து, 1934, 1938ஆம் ஆண்டு மாதிரிகளின்படி ராணுவப் பிடியும் உறையும் போட்டுக்கொண்டார்கள். ஆகவே வெளித்தோற்றம் 1940ஐச் சொன்னாலும் உள்ளே இருக்கும் அலகு 1540ஆக இருக்கலாம். உறையை வைத்து வயதைச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

பதில் இருப்பது பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டில். ஜப்பானியர் அதை நாககோ என்கிறார்கள். பிடியையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது மெக்குகி என்னும் சிறிய மூங்கில் ஆணி. ராணுவப் பிடிகளில் சில நேரம் இரண்டு ஆணிகள் அல்லது ஒரு திருகு இருக்கும். ஆணியின் ஒரு முனை சற்றுச் சிறியதாக இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். பிறகு பிடியின் அடியை இடது கையில் பற்றி, கூர்முகம் உங்களை விட்டு விலகியிருக்குமாறு அலகைச் சற்றுச் சாய்வாக மேல்நோக்கி நிறுத்தி, வலது கை முட்டியால் இடது மணிக்கட்டை மெல்லத் தட்ட வேண்டும். இரண்டு மூன்று தட்டில் தண்டு பிடிக்குள் கொஞ்சம் எழும்பி உட்காரும். சத்தம் மாறுவது காதுக்கே கேட்கும். எண்பது ஆண்டுகளாக யாரும் திறக்காத வாள் என்றால் அசைய மறுக்கும். அப்போது சுத்தியலை எடுக்காதீர்கள். அப்படியே வைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பிடி உடைந்தால் வாளின் பாதி வரலாறு உடைந்த மாதிரி.

தண்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது துரு. கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பழைய தண்டின் துரு கருமையாக, வழவழப்பாக, ஆழமாக இறங்கியிருக்கும். புதியதில் செம்மண் நிறத்தில் மேலோட்டமாக இருக்கும். ஒரு நிபுணர் வயதைக் கணிக்க முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோ, துரு நீக்கி தடவியோ இதைப் பளபளக்க வைத்துவிட்டால், அந்த வாள் தன் வயதைச் சொல்லும் வாயை இழந்துவிடும். எந்தக் கலைஞராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எழுத்து தெரியவில்லை என்றால் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரை விரலால் லேசாகத் தடவுங்கள். வெட்டிய கோடுகளில் வெள்ளை தங்கி எழுத்து தெளிவாகும். பிறகு துணியால் துடைத்துவிடலாம்.

எழுத்துகளை நீங்களே முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றை அடையாளம் காணலாம். ஒரு பக்கம் கொல்லர் பெயரும் மறுபக்கம் தேதியும் இருப்பது வழக்கம். தேதி ஷோவா என்ற ஆட்சிக்கால எழுத்தில் தொடங்கினால், அதை அடுத்து வரும் ஆண்டு எண்ணோடு 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 17 என்றால் 1942. கன்புன் என்றிருந்தால் 1661க்கும் 1673க்கும் இடைப்பட்ட காலம். பழைய வாள்களில் பெரும்பாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றே தேதி போட்டிருப்பார்கள். அது ஒரு மரபு. போர்க்கால வாளில் எந்த மாதமும் வரும்.

பெயருக்கு அருகே சிறிய முத்திரை குத்தியிருந்தால் அது ஷோவா காலத்தது என்பதற்கு நல்ல சான்று. செக்கி முத்திரையும் ஷோவா முத்திரையும் பொதுவாக மரபு முறையில் செய்யாத அலகைக் காட்டுகின்றன. நட்சத்திர முத்திரை அப்படியல்ல. ராணுவம் நியமித்த கொல்லர்கள் தமஹகனே எனப்படும் மரபு எஃகைக் கொண்டு கையால் அடித்த வாள்களில் அது இருக்கும். நங்கூர முத்திரை கடற்படையைச் சேர்ந்தது. கடற்படைக்குத் துருப்பிடிக்காத எஃகிலும் வாள் செய்தார்கள். தென் மஞ்சூரிய ரயில்வேயின் எஃகில் செய்த வாள்களில் ‘ஆசியாவை எழுப்ப ஒரே மனம்’ என்ற பொருளில் நீண்ட வாசகம் இருக்கும். டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை இயங்கிய பட்டறையின் கொல்லர்கள் ‘யாசு’ என்று தொடங்கும் பெயரில் கையெழுத்திட்டார்கள். இவை போர்க்காலத்தவையே என்றாலும் மரபு வழியில் செய்த தரமான வாள்கள். 1940களில் செய்தது என்று கேட்டவுடனே மலிவானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இவையே சாட்சி.

எழுத்தே இல்லாத தண்டும் உண்டு. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். நீளமான பழைய வாளைப் பின்னாளில் அடிப்பக்கம் வெட்டிக் குறைக்கும்போது கையெழுத்தும் போய்விடும். ஆணித் துளைகள் இடம் மாறிப் பலவாக இருப்பது அதற்கு ஓர் அறிகுறி. இதற்கு நேர்மாறாக, மிகப் புகழ்பெற்ற பெயர் இருந்தால்தான் எச்சரிக்கை தேவை. மசமுனே, முரமசா, கொடெட்சு போன்ற பெயர்களைப் பல நூற்றாண்டுகளாகவே போலியாக வெட்டி வந்திருக்கிறார்கள்.

வாளோடு இருக்கும் மற்றவற்றையும் பிரிக்காதீர்கள். பிடியில் தொங்கும் குஞ்சம் பழுப்பும் நீலமும் கலந்திருந்தால் கேப்டன் வரையிலான அதிகாரி. பழுப்பும் சிவப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. பிடியின் தலைப்பகுதியில் வெள்ளியில் சிறிய குடும்பச் சின்னம் இருக்கலாம். சில வாள்களில் சரணடைந்தபோது கட்டிய மரச்சீட்டோ துணிச்சீட்டோ உடையவர் பெயரோடு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் மேலதிகாரி கையெழுத்திட்ட, போர்ப் பொருளை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் காகிதம் பழைய பெட்டியில் கிடக்கலாம். இந்தச் சீட்டும் காகிதமும் ஒருமுறை தொலைந்தால் மறுபடி கிடைக்காது.

வியாபாரியா, ஏல நிறுவனமா, சேகரிப்பாளர் சங்கமா?

95ஆம் வகை இல்லை, தண்டில் ஏதோ இருக்கிறது, அல்லது எதுவும் இல்லாமல் வயதானதாகத் தெரிகிறது. அடுத்த கருத்தை யாரிடம் கேட்பது? வாங்கப் போகிறவரிடம் கேட்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேர்மையான வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அடையாளம் சொல்பவரே விலையும் சொல்பவராக இருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் வாரிசுக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை. அங்கேயே பணத்தை நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடும் நிலை. வகை தெரிந்த பிறகு வியாபாரியிடம் போவது வேறு விஷயம்.

ஏல நிறுவனங்களில் பெரியவை மின்னஞ்சலில் படம் அனுப்பினால் கட்டணமின்றி உத்தேச மதிப்பு சொல்கின்றன. காம்ப்டனின் சேகரிப்பே 1992இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில்தான் விற்பனையானது. உயர்ந்த வாளுக்கு அவர்களிடம் உண்மையான நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடுத்தர வாளுக்கு அவர்கள் தரும் பதில் சுருக்கமாக இருக்கும். அந்த மதிப்பு விற்பனைக்கான மதிப்பு, அடையாளச் சான்று ஆகாது.

என் தேர்வு சேகரிப்பாளர் சங்கம்தான். அமெரிக்காவில் ஜப்பானிய வாள் சங்கமும் பல நகரங்களில் கிளைக் குழுக்களும், பிரிட்டனில் டோக்கன் சொசைட்டியும் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. அங்கே வருபவர்கள் வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தண்டுகளைப் பார்த்தவர்கள். கையில் வாங்கி விளக்கின் கீழ் சாய்த்து, கூர்முகத்தை ஒட்டி ஓடும் ஹமோன் என்ற வெண்மேகக் கோட்டைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார்கள். களிமண் பூசிச் சூடேற்றி நீரில் தோய்த்த அலகில் அந்தக் கோட்டுக்குள் சிறு படிகங்கள் மின்னும், ஆழம் தெரியும். எண்ணெயில் தோய்த்ததில் அந்தத் துடிப்பு குறைவு. அமிலத்தால் வரைந்த போலியில் மேலே ஒரு வெள்ளைக் கறை மட்டுமே இருக்கும். இந்த வித்தியாசத்தைப் புகைப்படத்தில் காண்பது கடினம். அதனால்தான் படம் அனுப்புவதைவிட நேரில் போவதே மேல் என்கிறேன். போக முடியாதவர்கள் படத்தையாவது சரியாக எடுங்கள். முனை மேலே இருக்குமாறு, நேர் மேலிருந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், தண்டின் இரண்டு பக்கமும் தனித்தனியாக. அதோடு அலகின் நீளத்தையும் அளந்து சொல்லுங்கள். முனையிலிருந்து, முதுகுப் பக்கம் தண்டு தொடங்கும் வெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். 60.6 செ.மீ.க்கு மேல் என்றால் கதானா அல்லது தாச்சி, 30.3க்கு மேல் வகிஜாஷி, அதற்கும் குறைவு டாண்டோ.

ஜப்பானுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குவது

உலகம் முழுக்க மதிக்கப்படும் தாள், 1948இல் தொடங்கிய நிஹோன் பிஜுட்சு டோக்கென் ஹோசோன் கியோகாய் என்னும் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தரும் தாள்தான். டோக்கியோ ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகம் அவர்களுடையது. நிபுணர் குழு வாளைப் பார்த்து ஹோசோன், டொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, டொகுபெட்சு ஜூயோ என்று படிப்படியாகத் தரம் பிரிக்கும். கையெழுத்து போலி என்று கருதினால் தாள் கிடைக்காது. துரு மூடி அலகே தெரியாத வாளையும் அவர்களால் சரியாக மதிப்பிட முடியாது.

ஆனால் ஜப்பானுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். அங்கே வாளைக் கலைப்பொருளாகப் பதிவு செய்தால்தான் வைத்திருக்க முடியும். மரபு முறையில் கையால் அடித்த வாளுக்கு மட்டுமே அந்தப் பதிவு கிடைக்கும். இயந்திரத்தில் செய்த ராணுவ வாளைத் தெரியாமல் அனுப்பினால், அது ஆயுதமாகவே கருதப்படும். வாரிசுக்குத் திரும்பி வராமல் அழிக்கப்படவும் கூடும். தாத்தாவின் 95ஆம் வகை வாளை நல்லெண்ணத்தோடு பார்சல் செய்வது அதை இழப்பதற்கான வழி. கைவேலை வாளாக இருந்தாலும் சுங்கத்தில் அறிவித்து, போலீஸ் தாள் பெற்று, மாநிலக் கல்வி வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். திரும்பக் கொண்டுவரக் கலாசார விவகார முகமையின் ஏற்றுமதி அனுமதி தேவை. இடையில் ஒரு முகவர் இல்லாமல் இது நடப்பது கடினம். மாதங்கள் ஆகும், செலவும் ஆகும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. நிஹோன் டோக்கென் ஹோசோன் காய் என்ற வேறொரு வாள் பாதுகாப்புச் சங்கத்தின் மரபிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழுக்கள் அமெரிக்க வாள் கண்காட்சிகளுக்கு வந்து, அங்கேயே வாள்களைப் பார்த்துத் தாள் வழங்கியிருக்கின்றன. வாள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சந்தையில் முதலில் சொன்ன டோக்கியோ சங்கத்தின் தாளுக்கு எடை அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் வாரிசாகக் கிடைத்த ஒரு வாளை அடையாளம் காண, அப்படி ஒரு குழு வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. அங்கே நல்ல முடிவு வந்தால், பிறகு ஜப்பானைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தியாவில் வாள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தொல்லியல் துறையைக் கேட்காமல் எந்தப் பழைய வாளையும் வெளியே அனுப்பாதீர்கள்.

மெருகேற்றுவதைப் பற்றி

அதிகம் பேர் முதலில் செய்ய நினைப்பதும், கடைசியில் செய்யவேண்டியதும் இதுதான். ஜப்பானிய வாளின் மெருகு வெறும் பளபளப்பு அல்ல. பயிற்சி பெற்ற கலைஞர் பல வகைக் கற்களில் வாரக்கணக்கில் தேய்த்து, அலகின் கோணங்களைக் காப்பாற்றிக்கொண்டே எஃகின் மடிப்பு ரேகையையும் ஹமோனையும் வெளியே கொண்டுவருகிறார். செலவு சில ஆயிரம் டாலர் ஆகும். ஒவ்வொரு முறையும் எஃகில் கொஞ்சம் போய்விடும் என்பதால், ஒரு வாள் தன் வாழ்நாளில் தாங்கும் மெருகுகள் கணக்குக்கு உட்பட்டவை. கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தாலோ சுழலும் இயந்திரத்தில் வைத்தாலோ, நூற்றாண்டுகளாகக் காத்த விளிம்புகள் ஒரு மணி நேரத்தில் மழுங்கிவிடும்.

அடையாளம் தெரியாத வாளுக்கு இவ்வளவு செலவழிப்பதில் அர்த்தமில்லை. அலகின் ஒரு சிறு பகுதியை மட்டும் மெருகேற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. தேர்ந்த கலைஞர் அதைச் செய்து, மேலே போகலாமா வேண்டாமா என்று சொல்வார். அதுவரை கனிம எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, அலகை விரலால் தொடாமல் வைத்திருந்தால் போதும். விரல் பட்ட இடத்தில் ரேகையோடு துரு எழும்.

திருப்பிக் கொடுப்பது

இந்த எண்ணம் வருகிற வாரிசுகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. போருக்குப் பின் ஒப்படைத்த வாள்களை அழிக்கக் குவித்தபோது, டோக்கியோவின் அகபனே கிடங்கிலிருந்து 5,000க்கும் மேற்பட்டவை கலைப்பொருள்கள் என்று பிரிக்கப்பட்டு 1947இல் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனதற்குக் காரணமே, ஹோன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்களின் வாதத்துக்குக் காது கொடுத்த ஓர் அமெரிக்க அதிகாரிதான். திருப்பிக் கொடுக்கும் மனம் அப்போதே இருந்தது.

ஆனால் கொல்லர் பெயரை வாளின் சொந்தக்காரர் பெயர் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் பலர். தண்டில் இருப்பது செய்தவர் பெயர். சுமந்தவர் பெயர் சரணடைந்த சீட்டில்தான் இருக்கும், அதுவும் சிலவற்றில் மட்டும். சீட்டு இல்லாமல், குடும்பச் சின்னத்தை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஒரே சின்னத்தைப் பல்லாயிரம் குடும்பங்கள் பயன்படுத்துகின்றன.

சீட்டில் பெயர் இருந்தால் வாளை அனுப்பாமல் முதலில் படத்தையும் கடிதத்தையும் அனுப்புங்கள். அவர்களுக்கு அது வேண்டுமா என்று கேளுங்கள். சிலருக்குத் தந்தையின் அல்லது பாட்டனாரின் பொருள் ஒன்று திரும்பக் கிடைப்பதே பெரிய ஆறுதல். சிலர் அந்தப் போரை வீட்டுக்குள் கொண்டுவர விரும்ப மாட்டார்கள். அவர்கள் விரும்பினாலும், வாள் இயந்திரத்தில் செய்ததாக இருந்தால் ஜப்பானியச் சட்டம் அதை அவர்கள் வீட்டில் வைக்க விடாது. அப்படிப்பட்ட வாளோடு வந்த சீட்டையும், பிடியில் இருக்கும் குடும்பச் சின்னத்தின் தெளிவான படத்தையும் மட்டும் அவர்களுக்கு அனுப்பி வைக்கலாம். அதற்கு எந்தச் சுங்கத் தடையும் இல்லை.